ஒரு தட்டச்சுப் பெட்டியும் ஒன்பது ஓடர்களும்

எனது கடை மேசையின் கீழ்த்தட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் மூடியின் உட்புறத்தில் ஒரு சிறிய திரை, கீழே ஒரு கீபோர்ட். இணையம் இல்லை, விளையாட்டு இல்லை, படம் பார்க்க முடியாது. எழுத மட்டும்தான் முடியும். அதை நானே செய்தேன். இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது.

அப்படியானால் இதில் என்ன பாடம் என்று கேட்பீர்கள். ஒரு பெட்டியைச் செய்ததில் எனக்குப் பிழை நேரவில்லை. அதை விற்கப் போனதில்தான் நேர்ந்தது. ஒரு பொருளைச் செய்யத் தெரிவது வேறு, அதற்கு விலை போடத் தெரிவது வேறு. இதை நான் 2022 ஆம் ஆண்டில் கையைச் சுட்டுக்கொண்டு படித்தேன்.

நீங்கள் தட்டச்சுப் பெட்டி விற்கப் போவதில்லை. நீங்கள் தயாரிப்பது பிள்ளைகளின் சட்டையாக இருக்கலாம், மிக்ஸர் பக்கெட்டாக இருக்கலாம், இரும்பு கேட்டாக இருக்கலாம். கணக்கு ஒன்றுதான். ஆகவே எனது கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் பொருளை அதில் வைத்துப் பாருங்கள்.

எழுத மட்டும் ஒரு கருவி

முதலில் இப்படியான கருவிக்கு உலகில் சந்தை உண்டா என்று பார்ப்போம். உண்டு. அமெரிக்காவில் அல்பாஸ்மார்ட் என்ற கருவி 1993 இல் விற்பனைக்கு வந்தது. சிறிய திரையும் கீபோர்டும் கொண்ட அது, பாடசாலைகளில் பெருமளவு பாவிக்கப்பட்டது. அதன் பிந்திய மாதிரியான நியோ, மூன்று சாதாரண பெட்டரிகளில் ஏறக்குறைய 700 மணித்தியாலம் ஓடியது. ஜப்பானில் கிங் ஜிம் என்ற கம்பனி 2008 இல் பொமேரா என்ற மடிக்கும் எழுத்துக் கருவியைக் கொண்டுவந்தது.

2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஹெமிங்ரைட் என்ற பெயரில் இரண்டு பேர் ஒரு மாதிரியைக் காட்டி, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டினார்கள். 3 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கும் மேல் சேர்ந்தது. பின்னர் ஃப்ரீரைட் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கருவி, வாடிக்கையாளர் கைக்குப் போனது 2016 இல்தான். மாதிரி தயாராக இருந்தும், விற்பனைப் பொருளாக மாற அவ்வளவு காலம் எடுத்தது. இதை நான் அப்போதே படித்திருந்தேன். படித்தது மண்டையில் இருந்தது, புத்தியில் ஏறவில்லை.

தமிழிலும் இந்தத் துறைக்கு ஒரு பரம்பரை உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோது அவருக்கிருந்த பெரிய சிக்கல், நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது. புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு, அடித்தாலும் தாள் நகராத விசைகளை வைத்து அதைத் தீர்த்தார். முதலில் குறி, பிறகு எழுத்து. அந்தப் பழக்கம் இன்றும் பழைய தட்டச்சாளர்களின் விரலில் இருக்கிறது. எனது விரலிலும் இருக்கிறது.

தேவை எங்கிருந்து வந்தது?

கிழக்கில் ஒரு கடலோர ஊரில் நான் கொமியுனிகேஷன் கடை நடத்துகிறேன். தட்டச்சு, போட்டோ கொப்பி, விண்ணப்பப் படிவம், கச்சேரிக்கும் கோட்டுக்கும் போகும் கடிதங்கள். இதுதான் வருமானம்.

2022 இன் தொடக்கத்தில் மின்வெட்டு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் டீசல் இல்லை. எனது கடையில் வேலைநேரத்தில் மூன்று மணித்தியாலம் மின்சாரம் கிடைத்தால் பெரிய காரியம்.

ஒரு நாள் இருட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு பெட்டிசம் அடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும். பிரிண்ட் எடுக்க ஒரு நிமிடம். மூன்று மணித்தியால மின்சாரத்தில் நான் அடித்தும் பிரிண்ட் எடுத்தும் ஆறு பேரைத்தான் அனுப்ப முடிகிறது. ஆனால் அடிக்கும் வேலையை இருட்டு நேரத்தில் முடித்துவிட்டால், அந்த மூன்று மணித்தியாலமும் பிரிண்டருக்கே போகும். அப்போது எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்கலாம்.

ஆக, எனக்கு வேண்டியது மின்சாரம் இல்லாமல் நாள் முழுவதும் அடிக்கக்கூடிய ஒரு கருவி. எனது பழைய லெப்டொப்பின் பெட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும். புதியது வாங்கக் காசில்லை. அதனால்தான் பெட்டி செய்ய இறங்கினேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நடுவில் இருப்பது ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்ற சிறிய கணனிப் பலகை. ஒரு சூயிங்கம் பக்கெட் அளவுதான். 2017 இல் 10 டொலருக்கு அறிமுகமானது. 512 எம்.பி. நினைவகம் மட்டுமே உண்டு. எழுத அது போதும்.

கீபோர்டுக்கு மெக்கானிக்கல் வகையைத் தேர்ந்தேன். சாதாரண கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஓர் இடம் பழுதானால் முழுவதையும் வீசவேண்டும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். ஜேர்மனியின் செர்ரி கம்பனி 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். சுவிட்சின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, சீனக் கம்பனிகள் அதே அமைப்பில் மலிவாகச் செய்யத் தொடங்கின. விசை 4 மில்லிமீற்றர் கீழிறங்கும், பாதி வழியிலேயே எழுத்துப் பதியும். ஒரு சுவிட்ச் கோடிக்கணக்கான தடவை அடிப்பதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய மாதிரியாகப் பார்த்து வாங்கினேன். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவனுக்கு அந்த அழுத்தம் கைக்கு இதமாக இருக்கும்.

திரைக்கு முதலில் மின்தாள் என்னும் வகையை யோசித்தேன். அது படம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். ஆனால் எனது வசதிக்கு எட்டிய வகையில் முழுத்திரையும் மாறச் சில வினாடிகள் ஆகின்றன. வேகமாக அடிப்பவனுக்கு அது சரிவராது. ஆகவே 5 அங்குல எல்.சி.டி. திரையை எடுத்தேன்.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க். இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கடையில் 10,000 மில்லிஅம்பியர்-மணித்தியாலம் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பெட்டரியின் கணக்கு. நமக்கு வெளியே வருவது 5 வோல்ட். 10,000 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 37,000 மில்லிவாட்-மணித்தியாலம், அதாவது 37 வாட்-மணித்தியாலம். மாற்றும்போது ஏற்படும் இழப்புப் போக ஏறக்குறைய 31 மிஞ்சும். எனது பெட்டி 5 வோல்ட்டில் அரை அம்பியர், அதாவது இரண்டரை வாட் எடுத்தது. 31 ஐ 2.5 ஆல் பிரித்தால் 12 மணித்தியாலம் வருகிறது. நடைமுறையில் எனக்கு பதினொன்றரை மணித்தியாலம் கிடைத்தது. கீபோர்டின் வண்ண விளக்குகளை எரியவிட்டால் எட்டு மணித்தியாலமாகக் குறைந்துவிடும். அழகுக்கு எரியும் விளக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலையைத் தின்றது. கடைகளிலும் இப்படி எரியும் விளக்குகள் பல உண்டு.

பெட்டியை எங்கள் ஊர் ஓடாவியார் ஒட்டுப்பலகையில் செய்து தந்தார்.

தமிழ்தான் என்னை அதிக நாள் மறித்தது. லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையில் தமிழ் சரியாகத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். 'கொ' என்று பழைய தட்டச்சில் அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று அடி. யுனிகோடில் க முதலில் நிற்கும், குறி பிறகுதான் வரும். இந்த ஒழுங்கை மென்பொருள் மாற்றித் தரவேண்டும். நமது நாட்டில் பாவனையில் உள்ள ரெங்கநாதன் விசைமுறை லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. சிறிய வரைகலைத் திரையும் ஒரு சாதாரண எழுதியும் போட்டதும் தமிழ் ஒழுங்காக வந்தது. எனது பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. ஆனால் பெட்டியை யுனிகோடில் வைத்தேன். அப்போதுதான் அடித்ததை வாடிக்கையாளர் தனது போனிலும் திறந்து வாசிக்கலாம்.

மூன்று வார இரவுகளில் பெட்டி தயாரானது.

நான் போட்ட கணக்கு

முதற் பெட்டிக்கு நான் கொடுத்த காசு இது:

கணனிப் பலகை – 5,800 ரூபா
மெமரி கார்ட் – 1,400 ரூபா
5 அங்குலத் திரை – 8,600 ரூபா
மெக்கானிக்கல் கீபோர்ட் – 7,900 ரூபா
பவர் பேங்க் – 3,300 ரூபா
வயர், இணைப்பிகள் – 1,200 ரூபா
மரப்பெட்டி, பிணைச்சல், திருகாணி – 1,800 ரூபா
மொத்தம் – 30,000 ரூபா

மார்ச் முதல் வாரம். கடை இருட்டாகக் கிடக்க, நான் மட்டும் வாசலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு முன்னால் பெட்டிசம் எழுதும் நானா ஒருவர் வந்து பார்த்தார். இரண்டு வரி அடித்தும் பார்த்தார்.

"தம்பி, எனக்கும் ஒன்டு செஞ்சி தாங்க. என்ன விலை?"

அந்த இடத்திலேயே விலை சொன்னேன். 30,000 கொள்முதல், 6,000 இலாபம், ஆக 36,000. முற்பணம் 10,000. அவர் மறுபேச்சில்லாமல் காசை எண்ணித் தந்தார். நான்கு நாளில் ஒன்பது ஓடர் சேர்ந்துவிட்டது. பெட்டிசம் எழுதுபவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பள்ளிவாசல் கணக்காளர். கையில் 90,000 ரூபா. அன்றிரவு மனதுக்குள் 54,000 ரூபா இலாபம் எண்ணினேன். அதில் கடைக்கு ஓர் இன்வேட்டர் போடலாம் என்று முடிவும் செய்தேன்.

அந்த 90,000 ஐக் கொண்டு கொழும்பில் மூன்று பெட்டிக்கான பாகங்களை எடுத்தேன். மூன்றையும் கொடுத்து மீதிக்காசு வாங்கி அடுத்ததை எடுக்கலாம் என்பது திட்டம். இப்படி முதலில்லாமல் வியாபாரம் செய்வது எவ்வளவு கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி டொலரின் விலையைத் தளர்த்தியது. அதுவரை ஏறக்குறைய 200 ரூபாவில் நின்ற டொலர், மே மாதம் 360 வரை போனது. எனது பட்டியலில் மரவேலையைத் தவிர மற்ற எல்லாமே டொலரில் வரும் சாமான்கள். 28,200 ரூபாவுக்கு எடுத்த பாகங்கள் 50,800 ஆகின. மரவேலை 2,200. ஆக ஒரு பெட்டிக்கு 53,000. நான் வாக்குக் கொடுத்த விலையோ 36,000. மிச்சமிருந்த ஆறு பெட்டியையும் அந்த விலைக்குக் கொடுத்தால் 102,000 ரூபா நட்டம்.

அதற்கு மேல், உலக அளவில் சிப் தட்டுப்பாடு இருந்த காலம் அது. 2021 இல் தொடங்கி 2023 வரை ராஸ்பெரி பை பலகை கிடைப்பதே கஷ்டம். காசு கொடுத்தாலும் சாமான் இல்லை.

ஆறு வீட்டுக்குப் போனேன்

மூன்று பெட்டியை மார்ச் கடைசியில் சொன்ன விலைக்கே கொடுத்து முடித்தேன். மீதிக்காசு 78,000 வந்தது. ஆனால் இன்னும் ஆறு பேரின் முற்பணம் 60,000 என் தலையில் இருந்தது. அவர்களுடைய காசுதான் முதல் மூன்று பெட்டிக்குள்ளும் போயிருந்தது.

மச்சான் சொன்னார்: "டொலர் ஏறினதுக்கு நீங்க என்ன செய்வீங்க? விலைய கூட்டுங்க. இல்லாட்டி அவங்களா கேட்கும் வரைக்கும் பேசாம இரிங்க. நாட்டுல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. டொலரை நான் ஏற்றவில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் ஏற்றவில்லை. அவர்கள் என் பேச்சை நம்பிக் காசு தந்தவர்கள். ஊரில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவனுக்கு அந்த நம்பிக்கைதான் முதல். 78,000 ஐ இன்வேட்டருக்குக் கொடுத்துவிட்டு, கேட்பவர்களுக்கு 'அடுத்த மாதம்' என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு முடியும். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் தங்களுடைய காணி உறுதியை எனது கடையில் போட்டோ கொப்பி எடுக்கத் தருவார்களா?

60,000 ஐ ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனேன். பெட்டியின் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நான்கு பேர் காசைத் திருப்பி எடுத்தார்கள். ஒருவர் கோபப்பட்டார், அதையும் கேட்டுக்கொண்டேன். மற்ற இரண்டு பேரில் ஒரு ஆசிரியர் சொன்ன வார்த்தைதான் என் கண்ணைத் திறந்தது.

"நீங்க ஏன் சாமான்ட விலைய உங்கட தலையில போட்டுக்கொள்றீங்க? கடை பில்லுப்படி சாமானுக்கு நான் காசு தாறேன். உங்கட வேலைக்குக் கூலிய வேறயா சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் அப்படியே செய்தேன். பலகை கிடைக்கச் சில மாதங்கள் எடுத்தன. ஒன்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. கூலியாக ஆளுக்கு 5,000 ரூபா வாங்கினேன். முழுத் திட்டத்திலும் நான் சம்பாதித்தது என்று சொல்லக்கூடிய காசு அதுதான்.

திரும்பி வந்த மூன்று

இதற்கிடையே முதலில் விற்ற மூன்று பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பி வந்தன.

முதலாவது, அந்தப் பெட்டிசம் நானாவுடையது. அவர் பெட்டியை மூடும்போது பவர் பேங்க் வயரை இழுத்துவிடுவார். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். இரண்டு வார வேலை போய்விட்டது. அதில் ஒரு காணி வழக்குக்கான சத்தியக் கடதாசியும் இருந்தது. அடுத்த நாள் காலையில் அது கோட்டுக்குப் போகவேண்டும். அவருடைய கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு அன்றிரவு இரண்டு மணிவரை நானே உட்கார்ந்து திரும்ப அடித்துக் கொடுத்தேன். எனது பெட்டியில் இந்தப் பிரச்சினை வரவே இல்லை. ஏன்? நான் செய்தவன். எப்படி மூடவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாங்கியவருக்குத் தெரியவேண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழை.

இரண்டாவது, திகதிப் பிரச்சினை. இந்தப் பலகையில் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாவிட்டால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். கடிதங்களில் பழைய திகதி விழுந்து, ஒரு விண்ணப்பம் கந்தோரில் திருப்பி அனுப்பப்பட்டது.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். நாணயப் பெட்டரியில் ஓடும் ஒரு சிறிய கடிகாரமும், ஒழுங்காக அணைக்க ஒரு சுவிட்சும் வைக்கவேண்டும். முதலிலேயே வைத்திருந்தால் ஒரு பெட்டிக்கு 1,000 ரூபா முடிந்திருக்கும். பிறகு மூன்றுக்கும் வைத்தபோது ஒவ்வொன்றுக்கும் 1,800 ரூபா ஆனது. புதிய மெமரி கார்ட் 2,400.

மூன்றாவது பெட்டியில் தேநீர் கொட்டியிருந்தது. இரண்டு விசை இறுகிப்போயின. என்னிடம் மேலதிகமாக இருந்த இரண்டு சுவிட்சைக் கழற்றி மாட்டினேன். பத்து நிமிட வேலை. மெக்கானிக்கல் கீபோர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அன்று பலன் தந்தது. திருத்தக்கூடிய பொருள், விற்ற பிறகு வரும் செலவைக் குறைக்கும்.

போட்டிருக்க வேண்டிய கணக்கு

டொலரைக் குற்றம் சொல்வது இலகு. நானும் சில மாதம் அதைத்தான் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் மார்ச் மாதத்துப் பழைய விலையை வைத்தே கணக்கைத் திரும்பப் போட்டேன்.

பாகங்கள், மரவேலை – 30,000 ரூபா
எனது வேலை 11 மணித்தியாலம், 400 ரூபாப்படி – 4,400 ரூபா
பிரயாணம், பஸ் பார்சல் – 900 ரூபா
விட்டுப்போன கடிகாரம், சுவிட்ச் – 1,000 ரூபா
உத்தரவாதத்துக்கு ஒதுக்கு, 5 வீதம் – 1,500 ரூபா
மொத்தம் – 37,800 ரூபா

மணித்தியாலத்துக்கு 400 என்பது அந்நேரம் கடையில் தட்டச்சு அடித்து நான் உழைத்த காசு. அதைப் பெட்டியின் செலவில் சேர்க்கவே இல்லை. ஆக டொலர் ஒரு சதம் ஏறாமல் இருந்திருந்தாலும், 36,000 க்கு விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் எனக்கு 1,800 ரூபா நட்டம்தான். டொலர் செய்தது, அந்த ஓட்டையை எனக்குக் காட்டித் தந்தது மட்டுமே.

விற்ற மூன்று பெட்டியின் முடிவையும் பாருங்கள். நான் நினைத்த இலாபம் 18,000. பிரயாணம் 2,700, கடிகாரமும் சுவிட்சும் 5,400, கார்ட் 2,400. இவை போக மிச்சம் 7,500. அதற்கு நான் செய்த வேலை, திருத்த வேலையும் சேர்த்து, 47 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 160 ரூபா. பெட்டியே செய்யாமல் கடையில் இருந்து அடித்திருந்தால் 400.

வியாபாரிகள் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. உங்கள் நேரத்துக்கு விலை போடுங்கள். சொந்தக் கடை, சொந்தக் கை என்பதற்காக அது இலவசம் ஆகாது. அதே நேரத்தில் வேறு வேலை செய்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் அதன் விலை.

2. ஒன்று செய்து முடித்ததும் விற்காதீர்கள். அந்தத் தொழில் தெரியாத ஒருவரிடம் ஒரு மாதம் பாவிக்கக் கொடுங்கள். அவர் செய்யும் பிழைகள்தான் உங்கள் பொருளின் குறைகள்.

3. இறக்குமதிச் சாமான் கலந்த பொருளுக்கு விலை சொல்லும்போது 'இந்த விலை ஏழு நாளுக்கு' என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன விலைக்கு முடிவுத் திகதி இல்லை.

4. முற்பணம் அந்த ஓடருக்கான சாமானின் முழு விலையையும் மூடவேண்டும். வாங்கிய அன்றே அந்தச் சாமானை எடுத்துவிடுங்கள். ஒருவரின் முற்பணத்தில் இன்னொருவரின் பொருளைச் செய்வது முதலில்லா வியாபாரம் அல்ல, கடன். கொடுத்தவருக்கே தெரியாத கடன்.

5. எந்த ஒரு பாகம் இல்லாவிட்டால் முழு வேலையும் நிற்கும் என்று பாருங்கள். அதற்கு இரண்டாவது வழி ஒன்றைத் தேடிவைத்த பிறகே ஓடர் எடுங்கள்.

6. உங்கள் உண்மையான போட்டியாளர் யார் என்று கேளுங்கள். எல்லாச் செலவும் சேர்த்து 15 வீத இலாபமும் வைத்தால் எனது பெட்டியின் விலை அன்று 43,500 ஆகியிருக்கும். அந்த விலைக்குப் பக்கத்தில் பாவித்த லெப்டொப் ஒன்று கிடைத்தது. நானோ பழைய தட்டச்சு இயந்திரத்துடன் என் பெட்டியை ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று நான் பெட்டி விற்பதில்லை. கீபோர்ட் விசைகளுக்குத் தமிழ் எழுத்து ஒட்டிக் கொடுக்கிறேன், பழுதான சுவிட்சை மாற்றுகிறேன். யாராவது பெட்டிதான் வேண்டும் என்றால் பாகங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்து, அவரே வாங்கிவந்த சாமானைப் பொருத்திக் கூலி வாங்குகிறேன். சிறிய காசுதான். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் எவ்வளவு மிஞ்சும் என்று தொடங்கும்போதே எனக்குத் தெரியும்.

பெட்டிசம் நானாவின் பெட்டி இன்னும் ஓடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து பிரிண்ட் எடுக்கிறார். அந்த ஆறு பேரில் கோபப்பட்டவரும் வருகிறார். சென்ற வருடம் தனது மகளின் கல்யாணப் பத்திரத்தை என்னிடம்தான் அடிக்கத் தந்தார்.

இன்றிரவு கடை பூட்டிய பிறகு ஒரு தாளை எடுத்து, நீங்கள் அதிகம் விற்கும் ஒரு பொருளின் பெயரை மேலே எழுதுங்கள். கீழே சாமான், நேரம், போக்குவரத்து, பழுது என்று நான்கு வரி போடுங்கள். அதில் எந்த வரிக்கு எண் எழுத உங்கள் கை தயங்குகிறதோ, அந்த வரியில்தான் உங்கள் காசு ஒழுகிக்கொண்டிருக்கிறது.